ரிபீட் ஆர்டர்

1990களின் நடுவில் திருப்பூர் ராயபுரத்து எக்ஸ்போர்ட் ஆபீஸ்களில் ஏ.சி. முதலில் போடப்பட்டது கம்ப்யூட்டர் அறைக்குத்தான். முதலாளி வெளியே மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து நூல் புரோக்கரோடு விலை பேசிக்கொண்டிருப்பார். கம்ப்யூட்டர் கண்ணாடித் தடுப்புக்குள் இருக்கும். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போவோம். நான் அங்கே டாக்குமென்டேஷன் பார்த்தேன். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், கோட்டா விண்ணப்பம் என்று நாள் முழுக்கத் தாள்தான். டைப்ரைட்டரில் ஓர் எண் பிசகினால் முழுத் தாளையும் திரும்ப அடிக்க வேண்டியிருந்த காலம், அந்தப் பெட்டி வந்ததோடு முடிந்தது. ஆயுதபூஜைக்கு நிட்டிங் மெஷினுக்கும் ஓவர்லாக்குக்கும் வைத்ததுபோல அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம்.

பெட்டியின் முகப்பில் சின்னதாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது: இன்டெல் இன்சைடு.

எங்கள் முதலாளி கம்ப்யூட்டர் விற்க வந்தவரிடம் மெமரி எவ்வளவு, டிஸ்க் எவ்வளவு என்றெல்லாம் கேட்கவில்லை. "ஏனுங்க, உள்ள இருக்கிறது இன்டெல்தானுங்களே?" என்று மட்டும் கேட்டார். "இன்டெல் இல்லாத பெட்டியத் திருப்பூருக்குள்ள கொண்டாந்து இறக்க முடியுமுங்களாண்ணா?" என்றார் வந்தவர். அதோடு பேச்சு முடிந்து அட்வான்ஸ் கைமாறியது.

அந்த ஸ்டிக்கர் என்னை நிறைய யோசிக்க வைத்தது. நாங்கள் தைத்த டி-சர்ட்டின் கழுத்தில் எங்கள் பெயர் இருக்காது. ஜெர்மனிக்காரர் பெயரோ பிரெஞ்சுக்காரர் பெயரோ இருக்கும். நூல் எங்களுடையது, சாயம் எங்களுடையது, வேர்வை எங்களுடையது, லேபிள் மட்டும் அவர்களுடையது. இன்டெல்லோ இன்னொருவர் விற்கும் பெட்டிக்குள், கண்ணுக்கே தெரியாத இடத்தில் இருக்கும் ஒரு பாகத்தைத்தான் செய்தது. ஆனாலும் அதன் பெயரைக் கேட்டுத்தான் ஊரே பெட்டியை வாங்கியது. 1991இல் தொடங்கிய அந்த விளம்பர ஏற்பாட்டில், ஸ்டிக்கர் ஒட்டும் கம்ப்யூட்டர் கம்பெனிகளின் விளம்பரச் செலவில் ஒரு பங்கை இன்டெல்லே ஏற்றுக்கொண்டது. உள்ளே இருக்கும் பொருளைச் செய்கிறவனுக்கும் பெயர் கிடைக்கும் என்பதை ராயபுரம் அந்த ஸ்டிக்கரில்தான் பார்த்தது.

அந்தப் பெயர் சும்மா வந்துவிடவில்லை. 1993இல் வெளிவந்த பென்டியம் சிப்பில், சில வகுத்தல் கணக்குகளில் தவறான விடை வருகிறது என்பது 1994இல் வெளியானது. அது மிக அரிதாக நேரும் பிழை. பாதிப்பு இருக்கிறது என்று காட்டுகிறவர்களுக்கு மட்டும் மாற்றித் தருவதாக இன்டெல் முதலில் சொன்னது. எதிர்ப்பு கிளம்பியதும் அந்த ஆண்டு டிசம்பரில், கேட்கிற எல்லோருக்கும் மாற்றித் தருவதாக அறிவித்தது. இதற்காக 47.5 கோடி டாலரை இழப்பாகக் கணக்கில் எழுதியது. திருப்பூரில் எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. சரக்கில் குறை என்று வெளிநாட்டுப் பையர் கிளெய்ம் போடும்போது வாதாடிக்கொண்டு நிற்கிறவருக்கு அந்தப் பணம் மிஞ்சலாம், ஆனால் அடுத்த சீசன் வராது. தாங்கிக்கொண்டு சரிசெய்து தருகிறவருக்கு ரிபீட் ஆர்டர் வரும். இன்டெல்லுக்கும் வந்தது. உலகத்தின் மேஜைக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவை அதன் சிப்பில்தான் ஓடின.

திருப்பூர் எழுந்து நின்றது ஜாப் ஒர்க்கால். எக்ஸ்போர்ட்டர் நூல் வாங்கி நிட்டிங் யூனிட்டுக்கு அனுப்புவார். அங்கிருந்து ரோல் ரோலாகத் துணி டையிங்குக்குப் போகும். பிறகு காம்பாக்டிங், கட்டிங். பிரிண்டிங் ஓரிடம், எம்ப்ராய்டரி வேறிடம், தைப்பது இன்னோரிடம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு டி.சி. (டெலிவரி சலான்) போட்டு, டி.வி.எஸ். ஃபிப்டியிலோ டெம்போவிலோ சரக்கு தெருத் தெருவாக நகரும். எல்லா மெஷினையும் ஒருவரே வாங்கிப் போட வேண்டியதில்லை. நிட்டிங் மட்டும் செய்கிறவர் பத்துப் பேருடைய ஆர்டரை ஓட்டுவார். அதனால் அவர் மெஷின் நிற்காது, கையும் பழகிக்கொண்டே இருக்கும். 1980களின் நடுவில் சில கோடிகளில் இருந்த ஏற்றுமதி 2024-25இல் 40,000 கோடி ரூபாய் அளவுக்கு வளர்ந்ததற்கு இந்த ஏற்பாடு ஒரு முக்கியக் காரணம்.

சிப் உலகத்தில் இதே வழியை 1987இல் தைவானில் ஒருவர் திறந்தார். மோரிஸ் சாங். அவர் தொடங்கிய டி.எஸ்.எம்.சி. சொந்தமாக எந்தச் சிப்பையும் வடிவமைக்காது, சொந்தப் பெயரில் விற்காது. மற்றவர்கள் கொடுக்கும் டிசைனைச் செய்து மட்டும் கொடுக்கும். முழுக்க முழுக்க ஜாப் ஒர்க். முதலீடு கேட்டு அவர் இன்டெல்லையும் அணுகினார். இன்டெல் மறுத்தது. நெதர்லாந்தின் பிலிப்ஸ் பணம் போட்டது. ஓரிரு ஆண்டில் இன்டெல் ஆட்கள் அந்த ஆலைக்குப் போய் ஆய்வு செய்து, குறைகளின் நீண்ட பட்டியலைக் கொடுத்தார்கள். அவற்றைச் சரிசெய்த பிறகு சிறிதளவு வேலையும் கொடுத்தார்கள். பெரிய பையரின் ஆடிட்டில் தேறிவிட்டால் மற்ற பையர்கள் தானாக வருவார்கள் என்பது எங்கள் ஊர்ப் பாடம். டி.எஸ்.எம்.சி.க்கும் அப்படித்தான் நடந்தது. இன்டெல்லின் ஆடிட்டில் தேறியதே அதற்கு உலக வாசலைத் திறந்தது.

அன்றைக்கு இன்டெல்லுக்கு ஜாப் ஒர்க் தேவைப்படவில்லை. டிசைனும் சொந்தம், ஆலையும் சொந்தம், பெயரும் சொந்தம். லாபம் அள்ளிக் கொடுத்த சரக்கு கையில் இருந்ததால் குறைந்த லாபத்து வேலை கண்ணில் படவில்லை. முதல் ஐபோனுக்குச் சிப் செய்து தர முடியுமா என்று ஆப்பிள் கேட்டது. சொன்ன விலை கட்டாது என்று விட்டுவிட்டார்கள். அந்த முடிவை எடுத்த தலைவர் பால் ஒட்டெலினி 2013இல் பதவி விலகும் நேரத்தில் ஒரு பேட்டியில் இதை வெளிப்படையாகச் சொன்னார்: செலவுக் கணக்கே தவறு, விற்பனை எதிர்பார்த்ததைவிட நூறு மடங்கு போனது என்று.

அந்த ஆர்டர் போனதால் பணம் மட்டும் போகவில்லை, கைப்பழக்கமும் போயிற்று. சிப் ஆலையில் ஒவ்வொரு சிலிக்கான் வட்டும் ஏதோ ஒன்றைக் கற்றுத் தருகிறது. எங்கே தூசி விழுகிறது, எந்த அடுக்கில் பிசகு வருகிறது என்பது ஓட்ட ஓட்டத்தான் தெரியும். உலகத்தின் கைப்பேசிச் சிப்புகளில் பெரும்பகுதி தைவானில் ஓட ஓட, டி.எஸ்.எம்.சி.யின் கை தேர்ந்துகொண்டே போயிற்று. இன்டெல்லின் 10 நானோமீட்டர் செய்முறை பல ஆண்டுகள் தள்ளிப்போய், 2019இல்தான் பெரிய அளவில் சந்தைக்கு வந்தது. 2024இல் இன்டெல் தன் மடிக்கணினிச் சிப்பான லூனார் லேக்கின் முக்கியப் பகுதியை டி.எஸ்.எம்.சி.யிடமே செய்து வாங்கியது. ஒரு காலத்தில் ஆடிட் செய்யப் போன ஆலையில் தன் சொந்தச் சரக்கை ஜாப் ஒர்க்குக்குக் கொடுக்கும் நிலை.

இன்றைக்கு ராயபுரத்தில் நான் பார்க்கும் ஆபீஸ் வேறு. கண்ணாடித் தடுப்பு போய்விட்டது. கம்ப்யூட்டர் எல்லா மேஜையிலும் இருக்கிறது, உள்ளே என்ன சிப் என்று ஒருவரும் கேட்பதில்லை. மெர்ச்சன்டைசர் பிள்ளைகள் பையருக்கு எழுதும் மெயிலை ஏ.ஐ.யிடம் சொல்லித் திருத்தி வாங்குகிறார்கள். ஒடிசாவிலிருந்து வந்த தையல்காரரிடம் கைப்பேசி மொழிபெயர்ப்பில் பேசுகிறார்கள். என் அக்கா மகன் நிட்டிங் யூனிட் வைத்திருக்கிறான். வட்டத் தறியில் துணி இறங்கும்போதே ஓட்டை, ஊசிக்கோடு, எண்ணெய்க் கறை எல்லாவற்றையும் கேமரா பார்த்துச் சொல்லும் ஏற்பாட்டை அவனுக்கு விற்க ஒருவர் வந்திருந்தார். நானும் கூட இருந்தேன். விலையைக் கேட்ட பிறகு அவன் கேட்ட முதல் கேள்வி, "உள்ள என்விடியா போர்டுங்களா?"

கேள்வி அதேதான், பெயர்தான் மாறியிருந்தது. வந்தவர் போனதும் என்னிடம் கேட்டான்: "ஏன் மாமா, உங்க காலத்துல இன்டெல்னு சொல்லுவீங்களே, அவங்க இதுல இல்லையா?"

இருக்கிறார்கள் என்றேன். அவனுக்கு அன்று சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

கம்ப்யூட்டரின் மையச் சிப் பல வகை வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாக அதிவேகமாகச் செய்யும். இன்டெல் அதில் மன்னன். செயற்கை நுண்ணறிவுக்குத் தேவைப்படுவதோ கோடிக்கணக்கான எளிய பெருக்கல்கள், அவையும் ஒரே நேரத்தில். வீடியோ கேம் படங்களுக்காக என்விடியா செய்துவந்த சிப்புகள் அதற்குப் பொருந்தின. 1993இல், பென்டியம் வந்த அதே ஆண்டில், தொடங்கிய கம்பெனி அது. 2006இல் கூடா என்ற மென்பொருளை அறிவித்து, தன் சிப்பை எந்த ஆராய்ச்சி மாணவரும் பயன்படுத்தும்படி செய்தது. 2012இல் படங்களை அடையாளம் காணும் போட்டியில் டொரண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் இரண்டு சாதாரண என்விடியா அட்டைகளை வைத்துப் பெரிய இடைவெளியில் வென்றார்கள். இன்றைய ஏ.ஐ. அலை அங்கிருந்துதான் வேகம் எடுத்தது. என்விடியாவுக்குச் சொந்த ஆலை கிடையாது. டிசைன் அதனுடையது, ஜாப் ஒர்க் டி.எஸ்.எம்.சி.யுடையது. திருப்பூர் வழிதான்.

இன்டெல் கைகட்டி நிற்கவில்லை. 2016இல் நெர்வானா என்ற ஏ.ஐ. சிப் கம்பெனியை வாங்கியது. 2019இல் ஹபானா என்ற இஸ்ரேல் கம்பெனியை 200 கோடி டாலருக்கு வாங்கியது. அடுத்த ஆண்டே நெர்வானா சிப்பை நிறுத்தியது. ஹபானாவிலிருந்து கௌடி என்ற வரிசை வந்தது. 2024இல் அதில் 50 கோடி டாலர் விற்பனை எட்டும் என்று சொன்னார்கள், எட்டவில்லை. அடுத்து வர வேண்டிய பால்கன் ஷோர்ஸ் விற்பனைக்கு வராது, உள்சோதனைக்கு மட்டுமே என்று 2025 ஜனவரியில் அறிவித்தார்கள். என்விடியா அந்த நிதியாண்டில் 13,000 கோடி டாலர் வருவாயைத் தாண்டியிருந்தது. சிப் செய்யும் திறமை இன்டெல்லிடம் இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு சிப்புக்காகப் படித்து, எழுதி, பழகிய மென்பொருள்காரருக்கு அடுத்த சிப்பில் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. வழியைப் பாதியில் மாற்றுகிறவரை நம்பி யாரும் கூட வரமாட்டார்கள்.

2024இல் இன்டெல்லின் நிகர இழப்பு 1,800 கோடி டாலருக்கும் மேல். அந்த நவம்பரில் அமெரிக்காவின் டௌ ஜோன்ஸ் பங்குச்சந்தைப் பட்டியலிலிருந்து இன்டெல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் என்விடியாவைச் சேர்த்தார்கள். டிசம்பரில் தலைவர் பாட் கெல்சிங்கர் வெளியேறினார். 2025 மார்ச்சில் மலேசியாவில் பிறந்த லிப்-பு டான் பொறுப்பேற்றார். ஆட்குறைப்பு தொடர்ந்தது. வேலை போனவர்களின் வீடுகளை நினைத்து மனம் கனத்தது. ஆர்டர் நின்றால் ஒரு தெருவே எப்படி ஓசையற்றுப் போகும் என்பதை 2011இல், சாயக்கழிவு வழக்கில் உயர் நீதிமன்ற உத்தரவால் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது நாங்கள் அனுபவித்திருக்கிறோம்.

2025 ஆகஸ்ட் கடைசி வாரங்களை நான் மறக்க மாட்டேன். 22ஆம் தேதி அமெரிக்க அரசு 890 கோடி டாலருக்கு இன்டெல்லில் ஏறத்தாழ 10 சதவீதப் பங்கை எடுப்பதாக அறிவிப்பு வந்தது. சில நாள் முன்பு ஜப்பானின் சாப்ட்பேங்க் 200 கோடி டாலர் போட முன்வந்திருந்தது. 27ஆம் தேதி அதே அமெரிக்க அரசு இந்தியப் பொருள்களுக்கான கூடுதல் வரியை 50 சதவீதம் ஆக்கியது. திருப்பூர் ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. தயாரான சரக்கை நிறுத்திவை என்று பையர்கள் எழுதினார்கள். தன் நாட்டில் ஆலை இருக்க வேண்டும் என்று ஒரு நாடு எண்ணுவதில் நியாயம் இருக்கிறது. அந்த எண்ணம் ஒரு வாரத்துக்குள் இன்டெல்லின் சான்டா கிளாராவில் முதலீடாகவும் ராயபுரத்தில் நின்றுபோன பேக்கிங்காகவும் வந்து சேர்ந்ததுதான் எனக்கு வலித்தது.

செப்டம்பரில் என்விடியாவே இன்டெல்லில் 500 கோடி டாலர் போடுவதாக அறிவித்தது. என்விடியாவின் ஏ.ஐ. ஏற்பாடுகளுக்குள் உட்காரும் மையச் சிப்பை இன்டெல் செய்து கொடுக்கும். தனிநபர் கம்ப்யூட்டருக்கான இன்டெல் சிப்போடு என்விடியாவின் படச்சிப் சேரும். போட்டியாளனுக்குத் தோதாக வேலை செய்து கொடுக்க இன்டெல் ஒப்புக்கொண்டதை அவமானம் என்று சிலர் எழுதினார்கள். நான் அதில் தெளிவைப் பார்க்கிறேன். ஏ.ஐ. மெஷினிலும் மையச் சிப் ஒன்று தேவை. அதைச் செய்வதில் இன்டெல்லுக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பழக்கம்.

ஏ.ஐ.யில் இன்டெல் இப்போது எடுத்திருக்கும் வழி எங்களுக்கும் நெருக்கமானது. ஓர் ஏ.ஐ. மாடலைப் பழக்குவது ஒரு வேலை. பழகியதை அன்றாடம் பயன்படுத்துவது இன்னொரு வேலை. முதலாவதற்கு மாளிகை அளவு மெஷின்கள் வேண்டும், அங்கே என்விடியாவை முந்துவது இன்றைக்கு ஆகாத காரியம். இரண்டாவது வேலைதான் அக்கா மகனின் தறிக்கு மேல் கேமரா செய்வது. அதற்குக் குறைந்த விலையும் குறைந்த மின்சாரமும் முக்கியம். 2025 அக்டோபரில் இன்டெல் அறிவித்த கிரசென்ட் ஐலண்ட் சிப், காற்றாலேயே குளிரும் சர்வர்களில் இந்த அன்றாட வேலையைச் செய்வதற்கானது. மாதிரிகள் 2026இன் பிற்பாதியில் வாடிக்கையாளர் கைக்கு வரும் என்றார்கள். அதன் ஓபன்வினோ மென்பொருள் 2018இலிருந்தே இருக்கிறது, கட்டணமில்லாதது. சாதாரண இன்டெல் கம்ப்யூட்டரிலேயே கேமராப் படத்தைச் சோதிக்க அது உதவும். பத்துத் தறி வைத்திருக்கிறவர் கையில் இருக்கும் கம்ப்யூட்டரிலேயே துணியைச் செக் செய்ய முடிந்தால், கெட்டுப்போன ரோல் டையிங் வரை போய்ப் பணமும் தண்ணீரும் வீணாகாது. இங்கே இன்டெல்லுக்கு வளர இடம் இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் அதன் எதிர்காலத்தை முடிவு செய்யப்போவது ஜாப் ஒர்க்தான். இன்டெல் தன் ஆலையை மற்றவர்களின் டிசைனுக்குத் திறந்துவிட்டது. அந்தப் பிரிவு 2024இல் மட்டும் 1,300 கோடி டாலருக்கு மேல் நட்டம் காட்டியது. 18ஏ என்ற புதிய செய்முறை அரிசோனா ஆலையில் ஓடத் தொடங்கியிருக்கிறது, முதல் சரக்கு இன்டெல்லின் சொந்தச் சிப். அதற்கடுத்த 14ஏ முறைக்குப் பெரிய வெளி வாடிக்கையாளர் கிடைக்காவிட்டால் அதை நிறுத்திவைக்கவோ கைவிடவோ நேரலாம் என்று 2025 ஜூலையில் கம்பெனியே சொல்லியிருந்தது.

வெளி ஆர்டர் ஏன் தயங்குகிறது என்பது திருப்பூர்க்காரருக்குச் சொல்லாமலே விளங்கும். சொந்த பிராண்டும் வைத்துக்கொண்டு ஜாப் ஒர்க்கும் எடுக்கிறவரிடம் துணியை அனுப்ப நாங்கள் இருமுறை யோசிப்போம். நம் டிசைன் அவர் கண்ணில் படும். சீசன் நெருக்கடியில் அவருடைய சரக்கு முதலில் மெஷின் ஏறும், நம்முடையது காத்திருக்கும். டி.எஸ்.எம்.சி.க்குச் சொந்தச் சரக்கே இல்லை என்பதால் இந்தப் பயமும் இல்லை. இந்தத் தயக்கம் பணத்தால் தீராது. அரசாங்கம் பங்கு எடுக்கலாம், சாப்ட்பேங்க் பணம் போடலாம். ஆனால் சொன்ன தேதியில், சொன்ன தரத்தில், லாட்டுக்கு லாட் பிசகாமல் சரக்கு வெளியேறினால்தான் அடுத்தவர் டிசைனைக் கையில் கொடுப்பார். இதில் முதலாளியின் பெருமைக்கு இடமில்லை, செக்கிங் டேபிளின் ஒழுங்குக்குத்தான் இடம்.

இது எங்கள் பக்கத்துக்கும் வேண்டிய பாடம். 2025 மார்ச்சில் தமிழ்நாடு பட்ஜெட்டில் சூலூரிலும் பல்லடத்திலும் தலா 100 ஏக்கரில் செமிகண்டக்டர் இயந்திர உற்பத்திப் பூங்காக்கள் அறிவிக்கப்பட்டன. அதே ஆண்டு டிசம்பரில் டாடா எலக்ட்ரானிக்ஸ், குஜராத்தின் தொலேராவிலும் அசாமிலும் அமையும் ஆலைகளில் இன்டெல்லின் சரக்கைச் செய்வது பற்றி அந்தக் கம்பெனியோடு உடன்படிக்கை செய்தது. பல்லடம் எங்கள் மாவட்டம். விசைத்தறியும் கோழிப்பண்ணையும் இருக்கும் மண்ணில் சிப் தொழிலுக்கு இயந்திரம் செய்யும் வேலை வருமானால், அதற்குப் போகப்போகும் பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்று இருக்கிறது: சின்ன வேலை என்று எதையும் தள்ளாதீர்கள். அடுத்தவர் பெயர் போட்ட சரக்கைச் செய்வதில் குறைவொன்றும் இல்லை. அப்படிச் செய்துதான் தைவான் உலகத்தைத் தன் வாசலுக்கு வரவைத்தது, அப்படிச் செய்துதான் திருப்பூரும் வளர்ந்தது. திருப்பூருக்கும் இதே எச்சரிக்கை உண்டு. உலகம் பாலியஸ்டர் கலந்த துணிக்கும் விளையாட்டு உடைக்கும் நகர்ந்து பல ஆண்டுகளாகிறது. நாமோ பழகிய காட்டனின் லாபத்திலேயே நின்றுகொண்டிருக்கிறோம். நம்மிடம் விலை கேட்டுவிட்டுப் போன பையர் அந்தக் கைப்பழக்கத்தை வியட்நாமில் போய்க் கற்றுக் கொடுத்துக்கொண்டிருக்கலாம்.

இன்டெல் தேறுமா என்று அக்கா மகன் கேட்டான். பங்கு விலையைப் பார்க்காதே, யார் எத்தனை கோடி போட்டார்கள் என்பதையும் பார்க்காதே என்றேன். வெளியார் ஒருவர் தன் டிசைனை அந்த ஆலைக்குக் கொடுக்கிறாரா என்று பார். கொடுத்தவர் ஒரு சீசன் கழித்துத் திரும்ப வருகிறாரா என்று பார். முதல் ஆர்டர் விலையைக் குறைத்தால் கிடைத்துவிடும், அரசாங்கம் சொன்னாலும் கிடைத்துவிடும். இரண்டாவது ஆர்டர் வேலையைப் பார்த்துத்தான் வரும். அது வருகிற அன்றைக்கு இன்டெல் பிழைத்துவிட்டது என்று நான் சொல்வேன்.